கூட்டலுக்கு வந்த பகா எண்கள்

எட்டாவது படிக்கும் அக்கா மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்கு நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். எண்களைப் பகாக் காரணிகளாகப் பிரிக்கும் பாடம். 60 என்றால் 2 × 2 × 3 × 5. நாலைந்து கணக்கை முடித்தபின் பென்சிலைக் கடித்துக்கொண்டே கேட்டாள்: “பெருக்கினா எல்லா நம்பரும் வருது. கூட்டினா வருமா மாமா?”

விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்விக்காகவே ஆயுளைச் செலவழித்தவர்கள் இருக்கிறார்கள்.

பகா எண் என்றால் என்ன என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. பகுக்க முடியாதது பகா எண். தன்னாலும் 1ஆலும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாது. 2, 3, 5, 7, 11, 13 என்று போகும் வரிசை. (இலங்கைப் பாடப்புத்தகங்களில் இதுவே முதன்மை எண்.) 1 இந்தக் கணக்கில் சேராது. பகுத்தல், பெருக்கல் இரண்டையும் வைத்துத்தான் இந்த எண்களுக்குப் பெயரே வந்தது. கூட்டல் இவற்றுக்குப் பழக்கமில்லாத வேலை. 7ஐயும் 11ஐயும் பெருக்கினால் 77. அதைப் பார்த்ததுமே அதற்குள் 7ம் 11ம் இருப்பது தெரியும். கூட்டினால் 18. அதற்குள் 7 எங்கே, 11 எங்கே? கூட்டியதும் அடையாளம் கரைந்துபோகிறது. இந்தக் கட்டுரையில் வரும் எல்லாத் தொல்லைக்கும் மூலம் இதுதான்.

இந்தத் தொல்லையை முதலில் எழுத்தில் கொண்டுவந்தவர் கிறிஸ்டியன் கோல்ட்பாக் என்ற கணித அறிஞர். 1742 ஜூன் 7 அன்று மாஸ்கோவிலிருந்து பெர்லினில் இருந்த கணித மேதை ஆய்லருக்கு ஒரு கடிதம் எழுதினார். 2ஐவிடப் பெரிய எந்த எண்ணையும் மூன்று பகா எண்களின் கூட்டலாக எழுதலாம் போலிருக்கிறது என்றார். அந்தக் காலத்தில் 1ஐயும் பகா எண்ணாக எண்ணிக்கொள்வார்கள். அதே மாதம் 30ஆம் தேதி ஆய்லர் பதில் போட்டார். அதில் இருந்ததுதான் இன்று நாம் சொல்லும் வடிவம்: 2ஐவிடப் பெரிய எந்த இரட்டைப்படை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டல். இது உறுதியாக உண்மை என்று நம்புகிறேன், ஆனால் என்னால் நிறுவ முடியவில்லை என்று அவரே எழுதினார். ஆய்லரால் முடியாதது இன்றுவரை யாராலும் முடியவில்லை. கணினி வைத்து 4க்குப் பின் 18 பூஜ்யம் வரை ஒவ்வொரு இரட்டைப்படை எண்ணையும் சரிபார்த்துவிட்டார்கள். ஒன்றுகூடத் தவறவில்லை. ஆனாலும் அது நிறுவல் ஆகாது. ஏன் ஆகாது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது, பின்னால் வருகிறது.

நான் இங்கே சொல்ல வந்தது கோல்ட்பாக் கேள்வியின் பங்காளி ஒன்றை. பகா எண்களோடு அவற்றின் வர்க்கங்களையும் கூட்டலுக்குக் கூப்பிட்டால் என்ன ஆகும்? பகா எண்களின் வர்க்கங்கள் இவை: 4, 9, 25, 49, 121, 169, 289, 361... இடைவெளி எவ்வளவு சீக்கிரம் விரிகிறது பாருங்கள். பத்து லட்சத்துக்குள் 78,498 பகா எண்கள் இருக்கின்றன. அதே பத்து லட்சத்துக்குள் பகா எண்களின் வர்க்கங்கள் வெறும் 168. கூட்டலில் ஓர் இடத்தை வர்க்கத்துக்குக் கொடுத்தால் கையிலிருக்கும் சரக்கு அவ்வளவு குறைந்துவிடும்.

முதலில் சுலபமானதைப் பார்த்துவிடுவோம். வர்க்கங்களை எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம் என்று வைத்துக்கொண்டால் எந்தெந்த எண் வரும்? கையில் 4 ரூபாய்க் காசும் 9 ரூபாய்க் காசும் மட்டும் நிறைய இருப்பதாக நினையுங்கள். 23 ரூபாய் கொடுக்க முடியுமா? 9 ரூபாய்க் காசே போடாவிட்டால் 23ஐ 4ஆல் வகுக்க வேண்டும், வகுபடாது. ஒன்று போட்டால் பாக்கி 14, இரண்டு போட்டால் பாக்கி 5. எதுவும் 4ஆல் வகுபடவில்லை. ஆக 23 முடியாது. ஆனால் 24 முடியும் (ஆறு 4). 25 முடியும் (9ம் நான்கு 4ம்). 26 முடியும் (இரண்டு 9ம் இரண்டு 4ம்). 27 முடியும் (மூன்று 9). அடுத்தடுத்த நான்கு எண் கிடைத்துவிட்டதா, அதற்கப்புறம் ஒவ்வொன்றோடும் 4ஐச் சேர்த்துக்கொண்டே போனால் மேலே உள்ள எல்லாமே வந்துவிடும். எனவே பகா வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாத கடைசி எண் 23. இந்தச் சின்ன வாதம் முழு நிறுவல். எந்தக் கணினியும் தேவையில்லை.

ஒரு வர்க்கத்தை ஒரு முறைக்கு மேல் போடக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்தால் எழுத முடியாத கடைசி எண் 17163. வர்க்கத்தை விட்டுவிட்டு, வெவ்வேறு பகா எண்களின் கூட்டல் என்று மட்டும் கேட்டால் முடியாதவை 1, 4, 6 மூன்றுதான். எத்தனை வேண்டுமானாலும் போடலாம் என்ற சுதந்திரம் இருக்கும்வரை கேள்வி அடங்கிவிடுகிறது. எண்ணிக்கையைக் கட்டிப்போட்டால்தான் குடைச்சல் ஆரம்பம்.

கட்டிப்போடுவோம். ஒரே ஒரு பகா எண், ஒரே ஒரு பகா வர்க்கம். இரண்டையும் கூட்டி என்னென்ன இரட்டைப்படை எண்களைப் பிடிக்கலாம்? (ஒற்றைப்படை எண்ணில் சுவை இல்லை. ஒற்றையும் இரட்டையும் சேர்ந்தால்தான் ஒற்றை வரும், அப்போது இரண்டில் ஒன்று 2ஆகவோ 4ஆகவோ இருந்தே ஆக வேண்டும்.)

30ஐ எடுப்போம். 9ஐக் கழித்தால் 21, பகா எண் இல்லை. 25ஐக் கழித்தால் 5, பகா எண். ஆக 30 = 5 + 25. 32 என்றால் 23 + 9. கோல்ட்பாக் கடிதம் எழுதிய வருடம் 1742ஐப் போட்டுப் பார்த்தேன். முதல் அடியிலேயே விழுந்தது: 1733 + 9.

34 விழவில்லை. 9 போக 25, 25 போக 9. இரண்டும் பகா எண் இல்லை. 58ம் விழவில்லை, 64ம் இல்லை. இந்த மூன்றுக்கும் பொதுவாக ஏதோ இருக்கிறது என்று தோன்றினால் உங்கள் மூக்கு சரியாக வேலை செய்கிறது. மூன்றையும் 3ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி 1.

காரணம் இதுதான். 3ஆல் வகுபடாத எந்த எண்ணின் வர்க்கத்தையும் 3ஆல் வகுத்தால் மீதி 1தான் வரும். 25க்கு மீதி 1, 49க்கு மீதி 1, 121க்கும் மீதி 1. கூட்டுத்தொகையின் மீதியும் 1 என்றால், அதிலிருந்து இந்த வர்க்கத்தைக் கழித்தபின் கிடைப்பது மீதி 0. அதாவது 3ஆல் வகுபடும். 3ஆல் வகுபடும் பகா எண் 3 ஒன்றுதானே. ஆகவே அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடிக்கிடக்கிறது. 9ஐ வர்க்கமாகப் போட்டோ 3ஐப் பகா எண்ணாகப் போட்டோ சில எண்கள் நழுவி உள்ளே வரும். 28 அப்படி வந்தது, 19 + 9. பெரும்பாலானவை வெளியேதான் நிற்கும்.

இப்படி மீதியைப் பார்த்தே ‘உனக்கு வாய்ப்பில்லை’ என்று சொல்லிவிட முடிகிற எண்களைத் தள்ளிவைப்போம். மிச்சமிருப்பது 3ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 2 வரும் இரட்டைப்படை எண்கள். 100 வரை நோட்டில் போட்டுப் பார்த்தால் 2, 8, 18, 24 நான்கும் முடியவில்லை. அவை சின்ன எண்கள், கழிக்க வர்க்கமே சரியாக இல்லை, மன்னித்துவிடலாம். அப்புறம் 26, 30, 32, 36 என்று வரிசையாக எல்லாம் வருகின்றன. 72 வருகிறது, 47 + 25. திடீரென்று 74 வரவில்லை.

74ஐக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 9ஐக் கழித்தால் 65, அது 5 × 13. 25ஐக் கழித்தால் 49. 49ஐக் கழித்தால் 25. அவ்வளவுதான், கழிக்க வேறு வர்க்கம் இல்லை. மீதிக் கணக்குப்படி 74க்கு எந்தத் தடையும் கிடையாது. 2ஆல், 3ஆல், 5ஆல், எதால் வகுத்துப் பார்த்தாலும் கதவு திறந்தே இருக்கிறது. இருந்தும் உள்ளே வர ஆளில்லை. 34க்கு ஒரு காரணம் இருக்கிறது, 74க்குத் தற்செயல்தான் காரணம். எண்களில் தற்செயல் என்று ஒன்று உண்டா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்த வார்த்தை உறுத்தத்தான் செய்கிறது, ஆனால் அதைவிட நல்ல வார்த்தை கிடைக்கவில்லை.

ஒரு வர்க்கம் போதவில்லை என்றால் இரண்டாகப் போடலாம். ஒரு பகா எண்ணும் இரண்டு பகா வர்க்கங்களும். இப்போது ஒற்றைப்படை எண்கள் களத்துக்கு வரும். உதாரணத்துக்கு ராமானுஜன் பிறந்த 1887. இரண்டு 25ஐக் கழித்தால் 1837. அது 11 × 167, ஆகாது. 25ம் 49ம் கழித்தால் 1813. அது 49 × 37, அதுவும் ஆகாது. இரண்டு 49ஐக் கழித்தால் 1789. 7, 11, 13, 17 என்று 41 வரை வகுத்துப் பார்த்தேன், ஒன்றுக்கும் மசியவில்லை. பகா எண்தான். 1887 = 1789 + 49 + 49. உங்கள் பிறந்த வருடம் ஒற்றைப்படை என்றால் போட்டுப் பாருங்கள். 3ஆல் வகுத்து மீதி 2 வந்தால் மட்டும் கொஞ்சம் கஷ்டப்பட வேண்டியிருக்கும். ஏன் என்பதை மேலே சொன்ன அதே வாதத்தை வைத்து நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

இனி பகா எண்ணை விட்டுவிட்டு வர்க்கங்களை மட்டும் வைத்துக்கொள்வோம். இங்கே ஒரு விநோதம். 5ம் அதற்கு மேலும் உள்ள எந்தப் பகா எண்ணையும் வர்க்கப்படுத்தி 24ஆல் வகுத்தால் மீதி எப்போதும் 1. 25க்கு 1. 49 என்பது 48ம் 1ம். 121 என்பது 120ம் 1ம். 169 என்பது 168ம் 1ம். நம்பிக்கையில்லாதவர்கள் ஏதாவது பெரிய பகா எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

காரணம் ரொம்ப எளிது. வர்க்கத்தில் 1ஐக் கழித்தால் அது அந்த எண்ணுக்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் பெருக்கியதற்குச் சமம். 13 என்றால் 12 × 14. பகா எண் ஒற்றைப்படை, எனவே இருபக்கமும் இரட்டைப்படை. அடுத்தடுத்த இரண்டு இரட்டைப்படை எண்களில் ஒன்று 4ஆல் வகுபடும், ஆக பெருக்கல் 8ஆல் வகுபடும். 12, 13, 14 என அடுத்தடுத்த மூன்றில் ஒன்று 3ஆல் வகுபட்டே ஆக வேண்டும். நடுவில் இருப்பது பகா எண் என்பதால் அது வகுபடாது, பக்கத்தில் ஒன்றுதான் வகுபடும். 8ம் 3ம் சேர்ந்தால் 24. முடிந்தது.

எனவே இப்படிப்பட்ட ஐந்து வர்க்கங்களைக் கூட்டினால் 24ஆல் வகுக்க மீதி 5 வந்தே தீரும். ஐந்து 25 சேர்ந்து 125. ஒரு 25ஐ 49ஆக மாற்றினால் 149. இன்னொன்றையும் மாற்றினால் 173. ஒவ்வொரு முறையும் சரியாக 24 கூடுகிறது. மீதி 5 வரும் எண்கள் எல்லாவற்றையும் இப்படி ஐந்து வர்க்கங்களால் பிடித்துவிடலாமா என்பதுதான் கேள்வி.

பகா எண்ணைத் தவிர்த்து வெறும் வர்க்கங்கள் என்றால் 1770லேயே லக்ராஞ்ச் தீர்த்துவிட்டார்: எந்த எண்ணும் நான்கு வர்க்கங்களுக்குள் அடங்கும். அதே வருடம் வேரிங் என்ற ஆங்கிலேயர், கனங்களுக்கும் அதற்கு மேற்பட்ட அடுக்குகளுக்கும் இப்படி ஒரு வரம்பு உண்டு என்று நிறுவாமலே எழுதிவைத்தார். அந்த வேரிங் பிரச்சினையில் நம் ஊர்க்காரர் ஒருவரின் கை பெரியது. குற்றாலம் பக்கத்து வல்லத்தில் 1901ல் பிறந்த எஸ்.எஸ். பிள்ளை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்தில், 1936 வாக்கில், உயர்ந்த அடுக்குகளுக்கான விடையை உலகத்துக்குச் சொன்னவர்களில் ஒருவர். எந்த எண்ணையும் 73 ஆறாம் அடுக்குகளுக்குள் கூட்டி எழுதிவிடலாம் என்று 1940ல் நிறுவினார். 1950ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்துபோனார். பள்ளிக்கூடத்தில் அவர் பெயரை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அடுக்குகள், ஆனால் பகா எண்களின் அடுக்குகள் மட்டும் என்று வேரிங்கையும் கோல்ட்பாக்கையும் முடிச்சுப்போட்டவர் சீனாவின் ஹுவா லுவோகெங். அப்பாவின் சின்ன மளிகைக் கடையில் கணக்கு எழுதியபடி தானாகவே கணிதம் படித்தவர். டைபாய்டு வந்து ஒரு கால் ஊனமானது. படித்துப் பட்டம் எதுவும் வாங்கியதில்லை. 1936ல் கேம்பிரிட்ஜுக்குப் போனார், இரண்டு வருடம் இருந்தார். 1938ல் அவர் நிறுவியது: 24ஆல் வகுக்க மீதி 5 வரும் எண் போதுமான அளவு பெரியதாக இருந்தால், அதை ஐந்து பகா எண்களின் வர்க்கங்களாகக் கட்டாயம் எழுதலாம்.

எப்படி நிறுவினார்? அந்த ஆயுதமும் கேம்பிரிட்ஜில் பிறந்ததுதான். ஒரு எண்ணை எத்தனை விதமாகக் கூட்டல்களாகப் பிரிக்கலாம் என்ற கணக்குக்காக 1918ல் ஹார்டியும் ராமானுஜனும் சேர்ந்து உருவாக்கிய வட்ட முறை. 200ஐ அப்படி 39,72,99,90,29,388 விதமாகப் பிரிக்கலாம். மக்மஹோன் என்பவர் கையாலேயே கணக்கிட்டு வைத்திருந்த இந்த விடையோடு அவர்கள் சூத்திரம் ஒத்துப்போனது. அந்தச் சூத்திரத்துக்குள்ளும் எண்ணிலிருந்து இருபத்துநான்கில் ஒரு பங்கைக் கழிக்கும் இடம் ஒன்று வரும். நாம் பார்த்த அதே 24தான் அது, வேறெங்கிருந்தோ வந்த 24 இல்லை. பகா வர்க்கங்களில் 1ஐக் கழித்து 24ஆல் வகுத்துப் பாருங்கள்: 1, 2, 5, 7, 12, 15, 22. இந்தக் கூட்டல்பிரிப்புக் கணக்கில் ஆய்லர் கண்டெடுத்த, ஐங்கோண எண்கள் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை இவை.

வட்ட முறையைப் படம் போடாமல் சொல்ல முயல்கிறேன். ஒவ்வொரு பகா எண்ணையும் ஒரே நீளமுள்ள அம்பாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோணத்தைத் தேர்ந்தெடுங்கள். 3 என்ற எண்ணின் அம்பை அந்தக் கோணம்போல மூன்று மடங்கு திருப்புங்கள், 5இன் அம்பை ஐந்து மடங்கு, 7இன் அம்பை ஏழு மடங்கு. தேர்வு செய்த கோணம் அரை வட்டம் என்றால் என்ன ஆகும்? ஒற்றைப்படை எண்ணின் அம்புகள் எல்லாம் ஒரே திசையைக் காட்டும். 2 மட்டும் எதிர்த்திசையில் நிற்கும். எல்லோரும் ஒரே பக்கம் வடம் பிடிப்பதால் தேர் ஜோராக நகரும். மூன்றில் ஒரு வட்டம் என்றாலும் ஓரளவு நகரும். ஆனால் எந்த ஒழுங்கும் இல்லாத கோணத்தை எடுத்தால் அம்புகள் ஆளுக்கொரு திசையில் இழுக்கும், தேர் நின்ற இடத்தைவிட்டு அசையாது.

ஓர் எண்ணை எத்தனை விதமாகப் பகா எண்களின் கூட்டலாக எழுதலாம் என்ற எண்ணிக்கை, இப்படி எல்லாக் கோணத்திலும் கிடைக்கும் இழுப்புகளைத் தொகுத்தால் கிடைத்துவிடும். தேர் நகரும் கோணங்களிலிருந்து வருவது நாம் எதிர்பார்க்கும் விடை. மீதிக் கணக்குத் தடைகள் தானாகவே அதில் பதிவாகிவிடும். அரை வட்டம் 2ஆல் வகுத்த மீதியைக் கவனித்துக்கொள்ளும், மூன்றில் ஒரு வட்டம் 3ஆல் வகுத்த மீதியை. அசையாத கோணங்களிலிருந்து வருவது இரைச்சல். இரைச்சல் விடையைவிடச் சின்னது என்று காட்டிவிட்டால் வேலை முடிந்தது. அதைக் காட்டுவதில்தான் உயிர் போகும்.

இதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. கூட்டலில் பகா எண் அப்படியே வந்தால் 1 மதிப்பெண், வர்க்கமாக வந்தால் அரை மதிப்பெண். மொத்தம் 2ஐத் தாண்டினால் இரைச்சலை அடக்கிவிடலாம். மூன்று பகா எண்களுக்கு மதிப்பெண் 3. 1937ல் வினோகிராதோவ், போதுமான அளவு பெரிய ஒற்றைப்படை எண்கள் எல்லாம் மூன்று பகா எண்களின் கூட்டல் என்று நிறுவினார். ஹுவாவின் ஐந்து வர்க்கங்களுக்கு இரண்டரை, தேறிவிட்டது. நான்கு வர்க்கங்களுக்குச் சரியாக 2, தேறவில்லை. அங்கே 1994ல் ப்ரூடர்னும் ஃபூவ்ரியும் எட்டிய இடம், நான்கு எண்களும் பகா எண்ணாக இல்லாமல் ஒவ்வொன்றும் 34 பகாக் காரணிகளுக்கு மேல் போகாதவையாக இருக்கும் என்பது. கோல்ட்பாக்கின் இரண்டு பகா எண்கள்: 2, தேறவில்லை. நம்முடைய ஒரு பகா எண்ணும் இரண்டு வர்க்கங்களும்: ஒன்றும் அரையும் அரையும், அதுவும் 2. ஆக 1887ஐ வைத்து நாம் விளையாடிய அந்த விளையாட்டு, கோல்ட்பாக் கேள்விக்குச் சமமான கஷ்டம். ஒரு பகா எண்ணும் ஒரு வர்க்கமும் என்றால் ஒன்றரைதான்.

2ஐத் தாண்டாதவை எல்லாம் முழுத் தோல்வி என்று நினைத்துவிட வேண்டாம். 1938 கட்டுரையிலேயே ஹுவா ஆறுதல் பரிசும் வைத்திருந்தார். மீதித் தடை இல்லாத எண்களில் ‘கிட்டத்தட்ட எல்லாமே’ ஒரு பகா எண்ணும் இரண்டு பகா வர்க்கங்களுமாக எழுதக்கூடியவை.

இந்த ‘கிட்டத்தட்ட எல்லாம்’ கணிதத்தில் குத்துமதிப்பான பேச்சு கிடையாது, அதற்குத் துல்லியமான பொருள் உண்டு. முழு வர்க்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் வரை 100 வர்க்கங்கள், நூற்றுக்கு ஒன்று. பத்து லட்சம் வரை ஆயிரம், ஆயிரத்துக்கு ஒன்று. ஆயிரம் கோடி வரை ஒரு லட்சம், லட்சத்துக்கு ஒன்று. போகப் போக விகிதம் பூஜ்யத்தை நெருங்குவதால் ‘கிட்டத்தட்ட எல்லா எண்களும் முழு வர்க்கம் அல்லாதவை’ என்று சொல்லலாம். ஆனாலும் முழு வர்க்கங்கள் முடிவில்லாமல் இருந்துகொண்டே இருக்கின்றன. ஹுவாவின் முடிவுக்குள்ளும் இதே ஓட்டை. தவறும் எண்கள் அரிது என்று தெரியும், ஒரு கட்டத்துக்கு மேல் தவறவே தவறாது என்று அது சொல்லாது.

‘போதுமான அளவு பெரிய’ என்பதும் கொஞ்சம் குறும்பான சொல்தான். எவ்வளவு பெரிது? வினோகிராதோவின் மாணவர் போரோஸ்த்கின் ஓர் எல்லையைக் கணக்கிட்டுக் கொடுத்தார். 3ஐ 1,43,48,907 முறை தன்னோடு தானே பெருக்கினால் வரும் எண் அது. எழுதினால் 68 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள். அதற்குக் கீழே இருப்பதையெல்லாம் கணினியில் ஒவ்வொன்றாகப் பார்ப்பது நடக்கிற காரியமா? 2013ல் பெரு நாட்டைச் சேர்ந்த ஹெல்ஃப்காட் அந்த எல்லையை 1க்குப் பின் 27 பூஜ்யம் என்ற அளவுக்கு இறக்கிக் கொண்டுவந்தார். அதற்குக் கீழ் உள்ளவற்றைக் கணினி பார்த்துக்கொண்டது. 5ஐவிடப் பெரிய எல்லா ஒற்றைப்படை எண்களும் மூன்று பகா எண்களின் கூட்டல் என்பது அப்படித்தான் முடிவுக்கு வந்தது.

சரி, எண்ணிப் பார்த்தாலே போதாதா, சரக்கு ஏராளமாக இருக்கிறதே என்று தோன்றலாம். பத்து லட்சத்துக்குள் 78,498 பகா எண்கள், 168 வர்க்கங்கள். ஒன்றோடு ஒன்று ஜோடி சேர்த்தால் 1,31,87,664 ஜோடிகள். அவற்றின் கூட்டல்கள் விழ வேண்டிய இடம் 20 லட்சம் வரைதான், அதிலும் பெரும்பாலும் இரட்டைப்படை எண்களில்தான். சராசரியாக ஓர் இரட்டைப்படை எண்ணுக்குப் பதின்மூன்று ஜோடி. கல்யாண வீட்டில் 100 பேருக்கு 1,300 இலை போட்டிருக்கிறார்கள் என்றால் யாராவது சாப்பிடாமல் போவார்களா? போகக்கூடும். சராசரி என்பது தனி ஆளுக்குக் கொடுத்த வாக்குறுதி ஆகாது.

முன்னால் சொல்கிறேன் என்ற கதை இதுதான். 1752 நவம்பரில் கோல்ட்பாக் ஆய்லருக்கு இன்னொரு கடிதம் போட்டார். எந்த ஒற்றைப்படை எண்ணையும் ஒரு பகா எண்ணும் ஒரு வர்க்கத்தின் இரட்டிப்பும் சேர்ந்ததாக எழுதலாம் என்றார். இங்கே வர்க்கம் எந்த எண்ணின் வர்க்கமாகவும் இருக்கலாம், பூஜ்யமும் சரி. 21 என்றால் 19ம் 2ம், 27 என்றால் 19ம் 8ம். ஆய்லர் 1000 வரை பார்த்தார், சரியாக இருந்தது. பிறகு 2500 வரை பார்த்தார், அதுவும் சரி. நூறு வருடம் அது அப்படியே கிடந்தது. 1856ல் கோட்டிங்கனில் மோரிட்ஸ் ஸ்டெர்ன் தன் மாணவர்களோடு 9000 வரை கணக்குப் போட்டபோது 5777 அகப்பட்டது. அப்புறம் 5993.

5777லிருந்து கழிக்க 54 வாய்ப்புகள் இருக்கின்றன, 0இலிருந்து 53 வரை. ஒன்றும் கழிக்காவிட்டால் அது 53 × 109. 2ஐக் கழித்தால் 5775, 5ஆல் வகுபடும். 8ஐக் கழித்தால் 5769, 3ஆல் வகுபடும். 18ஐக் கழித்தால் 5759, அது 13 × 443. இப்படியே ஐம்பத்துநாலும் பகு எண். கடைசியாக 53இன் வர்க்கத்தின் இரட்டிப்பைக் கழித்தால் 159, அதுவும் 3 × 53. எந்த மீதித் தடையும் இல்லை. 74க்கு நடந்தது 5777க்கும் நடந்திருக்கிறது, ஐம்பத்துநாலு கதவையும் தட்டிவிட்டு.

அக்கா மகள் விஷயத்துக்கு வருகிறேன். 74ஐப் பார்த்துவிட்டு அவள் விடவில்லை. ஒரு வாரம் கழித்து நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். 74க்கு அப்புறம் 78 முதல் வரிசையாக, தடையில்லாத எண்களை எல்லாம் போட்டிருக்கிறாள். எல்லாம் வருகிறது, 170 மட்டும் வரவில்லை. 9 போக 161, அது 7 × 23. 25 போக 145. 49 போக 121. 121 போக 49. 170ஐச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் எழுதியிருந்தாள்: 34 = 9 + 25. 74 = 25 + 49. 170 = 49 + 121. மூன்றும் அடுத்தடுத்த பகா எண்களின் வர்க்கங்கள்.

“அடுத்து 121ம் 169ம், 290. அதுவும் வராது மாமா, பந்தயமா?”

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பத்து ரூபாய் பந்தயத்துக்கு ஒப்புக்கொள்ளாமல் பென்சிலை வாங்கி 290லிருந்து 9ஐக் கழித்தேன். 281. இருவரும் 7ஆல் வகுத்தோம், 11ஆல், 13ஆல். பகா எண்.